இணைப்பு அறுந்த பொழுதில் யார் சொல் செல்லும்?

பெங்களூரின் மென்பொருள் நிறுவனங்களில் புதிய செயலி ஒன்றுக்குத் திட்டமிடும் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி எழுந்துவிடும். இணையம் இல்லாத இடத்திலும் இந்தச் செயலி வேலை செய்ய வேண்டுமா, அல்லது ஒவ்வொரு பதிவும் உடனுக்குடன் மைய சர்வரைச் சென்றடைய வேண்டுமா? ஆஃப்லைன் வசதி, நிகழ்நேர ஒத்திசைவு என்று வெள்ளைப் பலகையில் இரண்டு தலைப்புகளை எழுதி, செலவையும் காலக்கெடுவையும் கணக்கிட்டு முடிவெடுப்பார்கள். பெரும்பாலும் நிகழ்நேர ஒத்திசைவே வெல்லும். ஆஃப்லைன் வசதி ‘இரண்டாம் பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற குறிப்போடு ஒதுங்கிவிடும். அந்த இரண்டாம் பதிப்புக்கு நாள் குறிப்பதற்குள் குழுவே கலைந்து வேறு திட்டத்துக்குப் போயிருக்கும்.

முடிவெடுக்கும் அறையில் இணையம் தடையின்றி வருகிறது என்பது இதற்கு ஒரு காரணம். இதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. இந்தக் கேள்வி வெறும் பொறியியல் கேள்வியாகவே நடத்தப்படுகிறது. உண்மையில் இதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: இணைப்பு அறுந்த பொழுதில் அமைப்பு யாரை நம்பும்? களத்தில் கருவியைக் கையில் வைத்திருப்பவரையா, தொலைவில் இருக்கும் மையத்தையா? அறுந்த இணைப்பின் இழப்பு யார் தலையில் விழும்?

கோட்பாட்டளவில் இதன் எல்லை வெகுநாள் முன்பே வரையறுக்கப்பட்டுவிட்டது. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் எரிக் புரூவர் 2000ஆம் ஆண்டில் ஓர் ஊகமாக முன்வைத்ததை, எம்.ஐ.டி.யைச் சேர்ந்த செத் கில்பர்ட்டும் நான்சி லிஞ்சும் 2002இல் தேற்றமாக நிறுவினார்கள். ஒரே கணக்கை வைத்து இரண்டு ஊர்களில் வணிகம் செய்யும் கடைகளை எண்ணிப் பார்த்தால் தேற்றத்தின் சாரம் விளங்கிவிடும். இரு கடைகளுக்கும் இடையே தொலைபேசித் தொடர்பு அறுந்துவிட்டது. வாடிக்கையாளர் வாசலில் நிற்கிறார். தொடர்பு மீளும்வரை கடையை மூடி வைத்தால் கணக்கு பிசகாது. வந்தவர் வெறுங்கையோடு திரும்புவார். வியாபாரத்தைத் தொடர்ந்தால் வந்தவருக்குப் பொருள் கிடைக்கும். இரு கணக்குகளும் சிறிது நேரம் வேறுபட்டு நிற்கும், பிறகு உட்கார்ந்து சரிபார்த்தாக வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. இத்தேற்றம் தரவு மையங்களைப் பற்றியது என்றே பாடத்திட்டங்கள் பெரும்பாலும் கற்பிக்கின்றன. இன்றோ ஒவ்வொருவர் கையிலும் இருக்கும் கைபேசி ஒரு கிளைக் கடை. தேற்றம் தரவு மையத்திலிருந்து இறங்கிச் சாலையோரத்துக்கு வந்துவிட்டது.

தொடர்ந்து வியாபாரம் செய்யும் வழியைத் துணிந்து தேர்ந்த முன்னோடி ஆய்வுகளில் ஒன்று, சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற மகாதேவ் சத்தியநாராயணனின் தலைமையில் நடந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1987இல் தொடங்கிய ‘கோடா’ கோப்பு அமைப்பு அது. பிணையம் அறுவதை அவர்கள் விபத்தாகக் கருதவில்லை; கணினியின் இயல்பான நிலைகளுள் ஒன்றாகவே கருதினார்கள். இணைப்பு இருக்கும்போதே தேவையான கோப்புகளைச் சேமித்துக்கொள்வது, இணைப்பு அறுந்ததும் கையிலிருப்பதை வைத்து மைய சர்வரின் இடத்தில் தானே இயங்குவது, இணைப்பு மீண்டதும் இடையில் நடந்தவற்றை மையத்தில் சேர்ப்பது என மூன்று நிலைகளை வகுத்தார்கள். மழைக்கு முன் தானியத்தைக் குதிரில் நிரப்பும் வேளாண்குடிக்கு இது புதிய செய்தியாக இராது.

இருவர் ஒரே கோப்பைத் தனித்தனியே மாற்றிவிட்டால் என்ன செய்வது என்ற அச்சத்துக்கும் அவர்கள் தரவைக் கொண்டே விடை தேடினார்கள். தங்கள் வளாகத்தின் கோப்புப் பயன்பாட்டை அளந்தபோது, மாற்றங்களில் 100க்கு 99க்கும் மேற்பட்டவை அதே கோப்பைக் கடைசியாக மாற்றிய அதே நபர் செய்தவை என்று தெரிந்தது. மோதல் நிகழக்கூடும், ஆனால் அது அரிது. அரிதாக நிகழும் மோதலுக்கு அஞ்சி அன்றாட வேலையை நிறுத்தத் தேவையில்லை என்ற துணிவை அந்த அளவீடு தந்தது. ஜேம்ஸ் கிஸ்லரும் சத்தியநாராயணனும் 1992இல் வெளியிட்ட அக்கட்டுரை, செயலி வடிவமைக்கும் மாணவர்கள் இன்றும் படித்துப் பயன்பெறக்கூடியது.

பெங்களூரிலேயே உருவாகி இந்த மரபை அறிந்தோ அறியாமலோ தொடரும் செயலி ஒன்று உண்டு. அதன் பெயர் ‘சிம்பிள்’. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம், நலவாழ்வு அமைச்சகம், உலகச் சுகாதார நிறுவனம், ‘ரிசால்வ் டு சேவ் லைவ்ஸ்’ அமைப்பு ஆகியவை சேர்ந்து 2017இல் தொடங்கிய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்காக அது எழுதப்பட்டது. ‘ஆப்வியஸ்’ என்ற வடிவமைப்பு நிறுவனமும், பணியாளர்களே உரிமையாளர்களாக உள்ள ‘நிலென்சோ’ என்ற மென்பொருள் கூட்டுறவும் அதன் உருவாக்கத்தில் முதன்மைப் பங்காற்றின. இரண்டும் பெங்களூரைச் சேர்ந்தவை. நிரல் முழுவதும் திறந்த மூலமாக வெளியிடப்பட்டிருப்பதால், என்ன முடிவு எடுக்கப்பட்டது என்பதை எவரும் திறந்து படிக்கலாம்.

ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் ஒருவரின் முன் காலை வேளையில் நீளும் வரிசைதான் சிம்பிள் செயலியின் தொடக்கப்புள்ளி. நோயாளி ஒருவருக்குச் சில நிமிடங்களே கிடைக்கும். அதற்குள் அழுத்தம் அளந்து, மருந்தைக் குறித்து, அடுத்த வருகைத் தேதியைச் சொல்ல வேண்டும். திரையில் வட்டம் சுழன்றுகொண்டிருக்க அவர் காத்திருந்தால், இரண்டாம் நாளே கைபேசியை மேசையறையில் போட்டுவிட்டுப் பழைய பதிவேட்டை எடுத்துக்கொள்வார். ஆகவே எல்லாப் பதிவுகளும் முதலில் கைபேசியிலேயே எழுதப்படுகின்றன. மையத்துக்கு அனுப்பும் வேலை, இணைப்பு கிடைக்கும்போது, செவிலியரின் கவனத்தைக் கோராமல், பின்னணியில் நடக்கிறது.

இந்த ஒரு முடிவிலிருந்து மற்ற முடிவுகள் கிளைக்கின்றன. புதிய நோயாளிக்கு அடையாள எண் தர மையத்தைக் கேட்க முடியாது. அதனால் வேறெங்கும் தோன்ற வாய்ப்பில்லாத அளவு நீளமான எண் கைபேசியிலேயே உருவாகிறது. நோயாளியின் கையில் க்யூஆர் குறியீடு அச்சிட்ட அட்டை ஒன்று தரப்படுகிறது. அடுத்த முறை வரும்போது அதைக் காட்டினால் போதும், பெயரைத் தேடிக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு அழுத்த அளவீடும் தனிப் பதிவாகச் சேர்கிறது; பழைய அளவீட்டின் மேல் புதியது எழுதப்படுவதில்லை. ஆதலால் இரு சுகாதார நிலையங்களில் இரு அளவீடுகள் எடுக்கப்பட்டாலும் மோதல் எழுவதில்லை. இரண்டும் வரிசையாக நின்றுவிடுகின்றன.

நம் ஊர்க் கணக்குப்பிள்ளைகள் கடைப்பிடித்த முறையும் இதுவே. நடந்ததை நடந்த வரிசையில் நாட்குறிப்பில் எழுதுவது. கடை அடைத்த பிறகு பேரேட்டில் ஏற்றுவது. நாட்குறிப்பு கடையில் இருக்கும்; அதை எழுதுவதற்கு முதலாளியின் வீட்டைக் கேட்க வேண்டியதில்லை. பிழையாக எழுதியதை அழிக்காமல் எதிர்ப்பதிவு ஒன்றை இடுவார்கள். அழித்தல் இல்லாத ஏட்டில் மோதலும் குறைவு.

இவ்வழிக்கு விலை உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. நோயாளியின் முகவரி, தொலைபேசி எண் போன்ற மாறும் விவரங்களில் எது புதியது என்பதைக் கருவி தெரிவிக்கும் நேரத்தை வைத்தே சர்வர் முடிவு செய்கிறது. ஒரு கைபேசியின் கடிகாரம் பிசகியிருந்தால் பழைய தகவல் புதியதாக வேடமிட்டு நுழைந்துவிடும். அட்டையை வீட்டில் மறந்து வந்தவர் வேறொரு நிலையத்தில் மீண்டும் புதிதாகப் பதியப்படுவார், ஒருவரே இருவராகிவிடுவார், பின்னர் அந்த இரட்டைப் பதிவுகளைத் தேடி இணைக்க வேண்டியிருக்கும். கைபேசியிலேயே தரவு இருக்க வேண்டுமானால் எவ்வளவு தரவு என்ற கேள்வியும் எழுகிறது. தொடக்கத்தில் பரந்த வட்டாரத்தின் பதிவுகளை ஒவ்வொரு கருவியிலும் வைத்தார்கள். நோயாளிகள் பெருகப் பெருக அது கைபேசிக்குப் பாரமாயிற்று; அருகிலுள்ள நிலையங்களின் பதிவுகள் மட்டும் போதும் என்று வட்டத்தைச் சுருக்கினார்கள். கைபேசி தொலைந்தால் நோயாளிகளின் அந்தரங்கமும் தொலையுமோ என்ற அச்சம் கடவுச்சொல்லோடு தீர்ந்துவிடாது. இத்தனை சிக்கல்களையும் பொறியாளர்கள் தங்கள் தலையில் ஏற்றிக்கொண்டதால்தான் செவிலியரின் தலையில் எதுவும் ஏறவில்லை. இணைப்பு அறுந்தால் அதன் சுமை பெங்களூர் அலுவலகத்துக்குப் போகிறது. வரிசையில் நிற்கும் முதியவருக்குப் போகவில்லை.

சுமை எதிர்த்திசையில் இறங்கிய கதையும் இந்நாட்டில் உண்டு. ஊரக வேலை உறுதித் திட்டத்தின் வருகைப் பதிவுக்காக 2021 மே மாதத்தில் தேசியக் கைபேசிக் கண்காணிப்பு முறை என்ற செயலி அறிமுகமானது. 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் பயனாளிகளுக்கான பணிகள் நீங்கலாக, எல்லாப் பணியிடங்களிலும் அது கட்டாயமானது. நாளுக்கு இரு முறை இடக்குறியோடு புகைப்படம் எடுத்து ஏற்ற வேண்டும். போலி வருகையைத் தடுப்பதே நோக்கம் என்றது அரசு; அந்த நோக்கத்தில் பிழை காண முடியாது. ஆனால் சிக்னல் இல்லாத ஏரிக்கரையில் மண் வெட்டியவருக்குப் படம் ஏறாவிட்டால், வெட்டிய மண் அங்கே கிடக்க, கூலி மட்டும் கேள்விக்குறியானது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் தில்லி ஜந்தர் மந்தரில் தொழிலாளர்கள் நடத்திய போராட்டத்தின் கோரிக்கைகளுள் இச்செயலியைக் கைவிடுவதும் ஒன்று. இணைப்பின்றிப் படமெடுத்துப் பிறகு ஏற்றலாம் என்ற வழியும், விதிவிலக்கான சூழலில் மாவட்ட அலுவலர் கையால் பதியலாம் என்ற வழியும் வகுக்கப்பட்டன. ஆயினும் விதிவிலக்குக்காக மேலிடத்தை அணுக வேண்டியவர் யார் என்று பார்த்தால் சுமையின் திசை புலப்படும்.

பெங்களூரோடு நெருங்கிய தொடர்புடைய இன்னோர் அமைப்பு ஆதார். அதன் தொழில்நுட்ப மையம் இந்நகரிலேயே உருப்பெற்றது. மக்களிடமிருந்து விரல்ரேகையும் கருவிழிப் படமும் திரட்டிய பதிவு மென்பொருள் இணைப்பு இல்லாமலும் இயங்கும்படி எழுதப்பட்டது. பள்ளிக்கூடத்திலும் ஊராட்சி அலுவலகத்திலும் முகாமிட்டுப் பதிந்தார்கள். குறியாக்கம் செய்த தரவுப் பொதிகள் பிறகு மையத்துக்கு அனுப்பப்பட்டன. நாட்டின் மூலைமுடுக்குகளில் இணையம் இல்லை என்பதை வடிவமைத்தவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள் என்பதற்கு இதுவே சான்று. அதே மனிதர் அதே ஊரின் ரேஷன் கடையில் அரிசி வாங்க விரலை வைக்கும்போது மட்டும் இணைப்பு தவிர்க்க முடியாததாயிற்று. ‘சர்வர் இல்லை, நாளைக்கு வாங்க’ என்பது கடை வழக்காகவே ஆகிவிட்டது.

இதற்குத் தொழில்நுட்பக் காரணம் இல்லாமலில்லை. விரல்ரேகையை ஒப்பிட்டுப் பார்க்கும் களஞ்சியம் மையத்தில் இருக்கிறது. அதை ஒவ்வொரு கடைக்கும் பிரித்துத் தருவது பெரும் ஆபத்து. எந்த ஊர்க் கடையிலும் பொருள் வாங்கலாம் என்ற வசதி வந்தபின், ஒரே மாதத்தில் ஒருவர் இரு கடைகளில் வாங்கிவிடாமல் பார்க்கவும் மையத் தொடர்பு வேண்டும். ஆனாலும் அடையாளத்தை உறுதிசெய்ய ஒரே வழிதான் உண்டு என்பதில்லை. மின்னொப்பமிட்ட க்யூஆர் குறியீட்டை மையத்தைக் கேளாமலே சரிபார்க்க முடியும்; 2019ஆம் ஆண்டின் ஆதார் திருத்தச் சட்டம் ஆஃப்லைன் சரிபார்ப்பைச் சட்டச் சொல்லாகவே ஏற்றுக்கொண்டது. வழி இருந்தும் அது கடை வாசலுக்கு வந்து சேரவில்லை என்றால், தடுத்தது தொழில்நுட்பம் மட்டும் என்று சொல்வதற்கில்லை.

அப்படியானால் எல்லாச் செயலிகளும் இணைப்பின்றி இயங்க வேண்டுமா? அதுவும் பொருந்தாது. ஒரே ஒரு பொருள் இருந்து இருவர் கேட்கும் இடத்தில், பிறகு சரிபார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை. ரயிலின் கடைசிப் படுக்கை, இரத்த வங்கியின் கடைசிப் பை, வங்கிக் கணக்கின் கடைசி ஆயிரம் ரூபாய் ஆகியவற்றை இருவருக்குக் கொடுத்துவிட்டுப் பின்னர் ஒத்திசைக்க முடியாது. அங்கே நிகழ்நேரத் தொடர்பு வேண்டும். தொடர்பு இல்லையென்றால் மறுப்பதே நேர்மை.

ஆனால் அங்கும் ஓர் இடைவழி உண்டு. அது இந்திய ரயில்வேக்கு மிகப் பழைய வழி. ஊர்தோறும் ஒதுக்கீடு என்று சில படுக்கைகளைப் பிரித்துத் தந்துவிட்டால், அந்த ஒதுக்கீடு தீரும்வரை நிலையத்தார் தலைமையிடத்தைக் கேட்காமலே பயணச்சீட்டு எழுதலாம். தீர்ந்த பிறகு கேட்டால் போதும். கணினியியலில் பேட்ரிக் ஓ’நீல் 1986இல் இதே கருத்தைப் பரிவர்த்தனை முறையாக வகுத்தார். பெங்களூரின் நம்ம மெட்ரோ அட்டையும் இவ்வழியில் செல்வதே. முன்கூட்டிச் செலுத்திய தொகை அட்டையிலேயே பதிந்திருப்பதால், வாயில் கணநேரத்தில் திறக்கிறது. இந்திய ரிசர்வ் வங்கி 2022 ஜனவரியில் ஆஃப்லைன் பணப்பரிமாற்றத்துக்கு விதி வகுத்தபோது, ஒரு முறைக்கு 200 ரூபாய், மொத்தம் 2000 ரூபாய் என்று வரம்பிட்டது. பின்னர் அது உயர்த்தப்பட்டது. ஏமாற்று நடந்தாலும் இழப்பு இவ்வளவுக்கு மேல் போகாது என்று முன்பே எல்லை கட்டிவிட்டு, அந்த எல்லைக்குள் மனிதரை நம்புவதே இதன் உட்பொருள்.

இந்த அளவுகோலைக் கொண்டு ரேஷன் கடையை மீண்டும் பார்க்கலாம். ஒரு குடும்பத்தின் மாத அரிசி ஏற்கெனவே வரம்பு கட்டிய ஒதுக்கீடு. இணைப்பு இல்லாத நாளில் அதைக் கொடுத்துவிட்டுக் கடைக் கருவியில் குறித்துக்கொண்டால், மிகக் கெட்ட நிலையில் ஒருவர் வேறொரு கடையில் இன்னொரு முறை வாங்கியிருப்பார். இழப்பு சில கிலோ. கொடுக்க மறுத்தால், மிகக் கெட்ட நிலையில் ஒரு வீட்டில் அடுப்பு எரியாது. தவறாகக் கொடுத்தல், தவறாக மறுத்தல் என்னும் இரு பிழைகளும் ஒரே எடை கொண்டவையல்ல. முதற்பிழையை அரசு தாங்கும். இரண்டாம் பிழையை அந்த வீடு தாங்க வேண்டும். எந்தப் பிழையைத் தாங்கிக்கொள்வது என்று தேர்வதையே செயலியின் கட்டமைப்பு சத்தமின்றிச் செய்துவிடுகிறது.

ஆய்வுலகம் இந்த முரணைத் தணிக்கத் தொடர்ந்து முயல்கிறது. மார்க் ஷபிரோவும் உடனாய்வாளர்களும் 2011இல் முன்வைத்த மோதலற்ற தரவு வகைகள், எந்த வரிசையில் வந்து சேர்ந்தாலும் எல்லாப் பிரதிகளும் ஒரே முடிவை எட்டும் என்று கணித உறுதி தருகின்றன. மார்ட்டின் கிளெப்மனும் உடனாய்வாளர்களும் 2019இல் எழுதிய கட்டுரை, தரவின் முதற்பிரதி பயனர் கையிலேயே இருக்க வேண்டும் என்று வாதிட்டது. இரண்டும் அருமையான பங்களிப்புகள். ஆனால் கணிதம் தரவை ஒன்றாக்கும், பொருளை ஒன்றாக்காது. ஒரு மருத்துவர் அம்லோடிபினை 5 மி.கி.யிலிருந்து 10 மி.கி. ஆக உயர்த்துகிறார். அதை அறியாத இன்னொரு மருத்துவர் வேறொரு கைபேசியில், அம்லோடிபின் 5 மி.கி. அப்படியே இருக்க, டெல்மிசார்டன் 40 மி.கி. சேர்க்கிறார். இரு மாற்றங்களும் மோதலின்றி இணைந்தால் நோயாளிக்கு 10 மி.கி. அம்லோடிபினும் 40 மி.கி. டெல்மிசார்டனும் சேர்ந்து கிடைக்கும். அந்தச் சீட்டை எழுதிய மருத்துவர் எவரும் இல்லை. இத்தகைய இடத்தில் செயலி தானே முடிவெடுக்காமல், இரண்டையும் அருகருகே காட்டி மருத்துவரைக் கேட்க வேண்டும்.

திரையின் நேர்மையும் இதோடு சேர்ந்தது. வாட்ஸாப்பில் செய்தி கைபேசியை விட்டுப் போகாதபோது சிறு கடிகாரம் தெரிகிறது. சர்வரை அடைந்ததும் ஒரு குறி, உரியவரின் கருவியை அடைந்ததும் இரு குறி. எழுதப் படிக்கத் தெரியாதவரும் இதை எளிதில் புரிந்துகொண்டார். ஆனால் அரசுச் செயலிகள் பலவற்றில் ‘சேமிக்கப்பட்டது’ என்ற ஒரே சொல்தான். கைபேசியில் சேமிக்கப்பட்டதா, மையத்தை அடைந்ததா என்று அது சொல்வதில்லை. கூலியும் மருந்தும் சார்ந்த இடத்தில் இந்த இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை மறைப்பது அழகிய எளிமையாகாது.

செயலி பற்றி ஆய்வேடு எழுதும் மாணவர்கள் மேற்கொள்ளத்தக்க சோதனைகள் கடினமானவை அல்ல. கைபேசியை மூன்று நாள் விமானப் பயன்முறையில் வைத்து வேலை செய்து பார்க்கலாம். இரு கருவிகளில் ஒரே பதிவை இரு விதமாக மாற்றி இணைக்கலாம். கடிகாரத்தை ஒரு நாள் பின்னுக்குத் தள்ளலாம். நினைவகத்தை நிரப்பி வைக்கலாம். இணைப்பு இல்லாதபோதே உள்நுழைவின் கால அவகாசம் முடிந்துவிட்டால், சேர்த்து வைத்த பதிவுகள் என்னவாகின்றன என்று பார்க்கலாம். பலரும் மறந்துவிடும் இடம் இது. ஆய்வகத்தின் வைஃபையில் அளந்த மறுமொழி நேரத்தை மில்லிநொடிகளில் அட்டவணையிடும் கட்டுரைகள் ஏராளம். இணைப்பு இல்லாமல் திரும்பி அனுப்பப்பட்டவர்களை எண்ணும் கட்டுரைகள் குறைவு. திருப்பி அனுப்பப்பட்டவர் சர்வரின் பதிவில் இடம்பெறுவதே இல்லை என்பதுதான் அந்த எண்ணிக்கையின் சிக்கல். அவரைத் தேடி ஆய்வாளர்தான் போக வேண்டும்.

நிகழ்நேர ஒத்திசைவைத் தேர்ந்தாலும் ஆஃப்லைன் வசதியைத் தேர்ந்தாலும் இணைப்பு ஒரு நாள் அறும். அந்நேரத்தில் களத்தில் நிற்கும் செவிலியர், பணித்தள மேற்பார்வையாளர், கடைக்காரர் ஆகியோர் எழுதுவது பதிவாகக் கொள்ளப்படுமா, மையம் ஏற்கும்வரை அது வெறும் சொல்லாகவே நிற்குமா என்பது அதற்கு வெகுநாள் முன்பே தீர்மானிக்கப்பட்டிருக்கும். தீர்மானிக்கும் கூட்டத்துக்கு அவர்களுள் ஒருவரையேனும் அழைக்கும் வழக்கம் பெங்களூரில் பரவினால், இரண்டாம் பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்ற குறிப்பு அவ்வளவு எளிதில் எழுதப்படாது.